பேச்சிழந்தோர்க்கு எம்மொழியில் பயிற்சி?

பெங்களூரிலிருந்து தெற்கே ஓசூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக மாநிலத்தின் எல்லையில் அமைந்திருப்பது அத்திபெலே. நிர்வாகத்தில் இது ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. ஊரைக் கடந்ததும் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டம் தொடங்கிவிடுகிறது. இங்கே அலுவலகத்திலும் பள்ளியிலும் கன்னடம் வழங்குகிறது. பல இல்லங்களில் தமிழும் தெலுங்கும், சிலவற்றில் உருதுவும் பேசப்படுகின்றன. தொழிற்பேட்டையை நாடி வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களோடு இந்தியும் வந்து சேர்ந்துள்ளது. வீட்டில் தமிழிலும், சந்தையில் தெலுங்கிலும், அரசாங்க அலுவலரிடம் கன்னடத்திலும் பேசுகின்ற ஒருவர், தாம் மூன்று மொழிகளை ஆள்கிறோம் என்பதையே நினைத்துப் பார்ப்பதில்லை. மூச்சு விடுவதைப் போல அது அவருக்கு இயல்பாகிவிட்டது.

இத்தகைய ஒருவர் பக்கவாதத்தால் தாக்கப்பட்டுப் பேச்சை இழந்துவிட்டால், அவருக்கு எம்மொழியில் பயிற்சி அளிப்பது? தாய்மொழியிலா, ஊர் மொழியிலா, மருத்துவமனையின் மொழியிலா? இவ்வினாவிற்குத் தக்க விடை காணாமல் தொடங்கப்படும் பயிற்சி பல வேளைகளில் வீணாகிவிடுகிறது. விடையறியும் பொறுப்பு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. நோயாளியின் வீட்டு வாசலை முதலில் மிதிக்கும் களப் பணியாளருக்கும், அவ்வீட்டுப் பிள்ளைகளைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் அதில் பங்குண்டு.

மொழியிழப்பு என்பது யாது?

மருத்துவர்கள் அஃபேசியா என்று கூறும் இக்குறைபாட்டைத் தமிழில் மொழியிழப்பு எனலாம். மூளையில் மொழியைக் கையாளும் பகுதிகள் சேதமுறுவதால் இது நேர்கிறது. பெரும்பாலானோருக்கு இப்பகுதிகள் மூளையின் இடப்பக்கத்தில் உள்ளன. அப்பக்கத்திற்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ உண்டாகும் பக்கவாதமே இதற்கு முதன்மையான காரணம். தலைக்காயமும் மூளைக்கட்டியும் ஏனைய காரணங்கள். மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை இயக்குவதால், மொழியை இழந்தவர்களிற் பலருக்கு வலக்கையும் வலக்காலும் தளர்ந்திருப்பதைக் காணலாம். பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குத் தொடக்க நாட்களில் இக்குறை காணப்படுகிறது.

இதன் விஞ்ஞான வரலாறு 1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தொடங்குவதாகக் கூறுவது மரபு. போல் புரோக்கா என்னும் அறுவை மருத்துவரிடம் வந்த லெபோர்ன் என்னும் நோயாளியால் ‘டான்’ என்ற ஓர் ஒலியைத் தவிரப் பெரும்பாலும் வேறொன்றையும் கூற இயலவில்லை. ஆயினும் பிறர் கூறுவனவற்றில் பெரும்பகுதியை அவர் விளங்கிக்கொண்டார். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த புரோக்கா, இடப்பக்கத்து முன்மடலில் சேதத்தைக் கண்டார். 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே வேறொரு வகையை விவரித்தார். அவ்வகையினர் தங்குதடையின்றிப் பேசுவர். ஆனால் அப்பேச்சில் பொருள் தொடர்ச்சி இராது. பிறர் கூறுவதையும் சரிவர உணரமாட்டார்.

இவ்விரு வகைகளையும் களத்தில் அடையாளங் கண்டுகொள்ளுதல் நலம். முதல் வகையினர் ‘மகன்... ஓசூர்... பஸ்...’ என்று திணறித் திணறிச் சில சொற்களை மட்டும் வெளியிடுவர். வேற்றுமை உருபுகளும் வினை விகுதிகளும் விடுபடும், அல்லது ஒன்றுக்கு மற்றொன்று மாறிவிடும். தம் குறையை அவர்கள் நன்கு உணர்வதால் சினமும் கண்ணீரும் எளிதில் தோன்றுகின்றன. இரண்டாம் வகையினரோ கதவைச் சன்னல் என்பர், எந்த மொழியிலும் இல்லாத சொற்களைக் கூறுவர், தாம் பேசுவது பிறருக்கு விளங்கவில்லை என்பதையே அறியாதிருப்பர். பக்கவாதத்தின் அறிகுறியான கைகால் தளர்ச்சி இவர்களுள் சிலரிடம் தோன்றாது. ஆதலின் இவர்களைச் சித்தம் கலங்கியவர்கள் என்று கருதி, மந்திரிப்பவரிடமோ மனநோய்ச் சிகிச்சைக்கோ அழைத்துச் செல்வதும், அதனால் முதல் சில மணி நேரம் வீணாவதும் உண்டு. இவ்விரு வகைக்கும் இடைப்பட்ட நிலைகள் பல உள்ளன. பொருளின் பெயர் மட்டும் நினைவிற்கு வராத எளிய நிலை முதல், யாதொன்றும் கூறவும் உணரவும் இயலாத கடுமையான நிலை வரை அவை விரிகின்றன.

மொழியிழப்பு அறிவிழப்பன்று. மகளின் பெயரைச் சொல்ல இயலாத தந்தை அவளை நன்கு அறிவார். அவளுடைய திருமணச் செலவைப் பற்றிய கவலையும் அவருக்குக் குறையவில்லை. அறையில் உள்ள பொருளின் இடம் தெரியும். கதவின் பூட்டு மட்டும் திறக்கவில்லை என்பது போன்றது அவர் நிலை. இது காதுகேளாமையுமன்று, ஆகவே உரக்கக் கூவுவதால் பயனில்லை. நாவும் உதடும் தளர்ந்து உச்சரிப்பு மட்டும் குழறுவது வேறொரு குறைபாடு. அவ்வாறு குழறுகின்றவர் எழுதிக்காட்டக்கூடும். மொழியை இழந்தவருக்கோ பேச்சுடன் எழுத்தும் வாசிப்பும் பெரும்பாலும் சேர்ந்தே தடுமாறுகின்றன.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். ‘தண்ணீர்’ என்று கேட்க இயலாத ஒருவர், ஒன்று இரண்டு என்று வரிசையாக எண்ணக்கூடும். கிழமைகளின் பெயர்களை ஒப்பிக்கக்கூடும். பழகிய பக்திப் பாடலை முழுமையாகப் பாடிவிடவும் கூடும். வலித்தால் ‘ஐயோ’ என்ற சொல் தெளிவாக வரும். இவற்றைக் கண்டு, நோயாளி வேண்டுமென்றே பேசாதிருக்கிறார் என்று இல்லத்தார் எண்ணிவிடுகின்றனர். பழக்கத்தால் தானாக வெளிவரும் பேச்சுக்கும், எண்ணிச் சொற்களைத் தேர்ந்து அமைக்கும் பேச்சுக்கும் மூளை மேற்கொள்ளும் வழிகள் வேறு வேறு என்பதை அவர்களுக்கு விளக்குதல் வேண்டும்.

பல மொழி அறிந்தோரின் நிலை

இந்திய மாநிலங்கள் 1956-இல் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டன. மனித மூளையிலோ தமிழுக்கொரு மாவட்டம், கன்னடத்திற்கொரு மாவட்டம் என்று வரம்பிட்ட எல்லைகள் இல்லை. ஒருவர் அறிந்த மொழிகள் பெரும்பாலும் ஒரே நரம்புப் பின்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆயினும் சேதத்திற்குப் பின் எல்லா மொழிகளும் ஒரே அளவில் மீள்வதில்லை என்பது நூறாண்டிற்கு மேலாக அறிஞர்களை வியப்பில் ஆழ்த்திவந்த செய்தியாகும்.

பிரெஞ்சு அறிஞர் ரிபோ, முதலிற் கற்றதே கடைசிவரை நிலைக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கூறினார். இக்கொள்கையின்படி தாய்மொழியே முதலில் மீள வேண்டும். 1895-இல் பித்ர் என்பவர் பல மொழி அறிந்த நோயாளிகளை ஆராய்ந்து, நோய்க்குச் சற்று முன்வரை ஒருவர் மிகுதியாகப் பயன்படுத்திய மொழியே முதலில் மீள்கிறது என்றார். பிற்காலத்துச் சான்றுகள் இவ்விரண்டில் எதனையும் மாறா விதியாக ஏற்க இடந்தரவில்லை. கனடா நாட்டு அறிஞர் மிஷேல் பாராடி பல நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து மீட்சியின் போக்குகளை வகைப்படுத்தினார். சிலருக்கு எல்லா மொழிகளும் ஒருங்கே மீள்கின்றன. இதுவே மிகுதியாகக் காணப்படுவது. சிலருக்கு ஒரு மொழி நன்றாகவும் மற்றொன்று குறைவாகவும் மீள்கின்றன. சிலருக்கு ஒரு மொழி மீண்ட பின்னரே அடுத்தது தொடங்குகிறது. சிலருக்கு ஒன்று மீளும்போது மற்றொன்று மங்குகிறது. இன்னும் சிலர் மொழிகளைத் தம் விருப்பமின்றியே கலந்துவிடுகின்றனர்.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறைப் பாடம் ஒன்றுண்டு. ஒரு மொழியில் மட்டும் சோதித்துவிட்டு, ‘இவருக்குப் பேச்சு இல்லை’ என்று முடிவுகட்டுதல் தவறு. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். அத்திபெலேயில் வாழும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் கன்னடத்தை நடுவயதில் சந்தையில் கற்றுக்கொண்டவர். நோயுற்ற பின் கன்னடத்தில் வினவினால் அவர் விழித்துப் பார்க்கிறார். தமிழில் வினவினால் கையால் சுட்டிச் சரியான விடை தருகிறார். இதற்கு நேர்மாறாக, நாற்பதாண்டு தொழிற்சாலையில் கன்னடமே பேசி வேலை பார்த்த ஒருவருக்கு, வீட்டுத் தமிழைவிடத் தொழிற்சாலைக் கன்னடம் முதலில் வாய்க்கவும் கூடும். ஒரே மொழியில் எடுத்த குறிப்பு இவ்விருவரையும் தவறாகக் காட்டும்.

இக்குறையைப் போக்கும் நோக்கத்துடன் பாராடி உருவாக்கிய இருமொழி மொழியிழப்புச் சோதனை 1987-இல் வெளிவந்தது. கன்னடம் உட்படப் பல மொழிகளில் இது அமைக்கப்பட்டுள்ளது. ஒரு மொழியின் வினாக்களை மற்றொன்றில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து இதனை அமைக்கவில்லை. அந்தந்த மொழியின் இலக்கணத்திற்கும் வாழ்க்கைக்கும் ஏற்ற வினாக்களைத் தனித்தனியே வகுத்துள்ளனர். நோயாளி எந்த மொழியை எந்த வயதில், எவரிடம், எதற்காகப் பயன்படுத்தினார் என்ற விவரமும் இச்சோதனையின் ஒரு பகுதி.

பல மொழி அறிதல் நோயாளிக்குச் சுமையா, உதவியா என்ற ஐயம் எழலாம். இதற்கு இந்தியாவிலேயே ஒரு விடை கிடைத்துள்ளது. ஐதராபாத்திலுள்ள நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில், நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியின் குழுவினர் பக்கவாதம் கண்ட 608 பேரை ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். பக்கவாதத்திற்குப் பின் சிந்தனைத் திறன் இயல்பாக இருந்தோர், ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களில் 19.6 விழுக்காடாகவும், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளை அறிந்தவர்களில் 40.5 விழுக்காடாகவும் இருந்தனர். ஆயினும் மொழியிழப்பு ஏற்பட்ட அளவில் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பல மொழி அறிவு மொழியிழப்பைத் தடுத்துவிடும் என்று கூறுவதற்கில்லை. பிற மொழிகளைப் பேசுவதை நிறுத்திவிட வேண்டும் என்று நோயாளியின் வீட்டாருக்கு அறிவுரை கூறுவதற்கும் ஆதாரமில்லை.

மொழியைத் தெரிந்தெடுத்தல்

எம்மொழியில் பயிற்சி என்ற வினாவுக்கு நோயாளியின் அன்றாட வாழ்வே விடை தருகிறது. அவர் பகலில் எவருடன் இருக்கிறார்? எவரிடம் உணவும் மருந்தும் கேட்க வேண்டியுள்ளது? பணிக்குத் திரும்பும் வாய்ப்பு உண்டா? எந்த மொழி சற்றேனும் எஞ்சியுள்ளது? எந்த மொழியில் பேசுவதை அவரே விரும்புகிறார்? இவ்வினாக்களுக்கு விடை கண்டு, அம்மொழியில் தொடங்குவதே முறை. சில நோயாளிகளிடம் ஒரு மொழியில் அளித்த பயிற்சியின் நன்மை மற்றொரு மொழிக்கும் பரவியதாகப் பதிவுகள் உள்ளன. சிலரிடம் அவ்வாறு பரவவில்லை. ஆகவே பரவும் என்ற நம்பிக்கையில், வீட்டில் எவரும் பேசாத மொழியில் பயிற்சியைத் தொடங்குதல் பொருந்தாது.

மொழிக் கலப்பைக் குற்றமாகக் கருதவும் கூடாது. நோய்க்கு முன்பே ஒரே வாக்கியத்தில் தமிழையும் கன்னடத்தையும் கலந்து பேசியவர் அத்திபெலேக்காரர். நோய்க்குப் பின் ‘தண்ணீர்’ வராதபோது ‘நீரு’ என்ற கன்னடச் சொல் வருமாயின், அது வெற்றியே. ‘தமிழிற் சொல்’ என்று அவரைத் திருத்துவது, கிடைத்த ஒரு வழியையும் அடைப்பதாகும். கேட்பவருக்கு அம்மொழி தெரியாத இடத்தில் மட்டும் கலப்பு இடையூறாகலாம். அங்கே மாற்றுச் சொல்லை மெதுவாக நினைவூட்டுதல் போதும்.

பயிற்சியின் முறைகள்

பக்கவாதத்திற்குப் பின் முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் மூளை இயற்கையாகவே ஓரளவு மீள்கிறது. நோயாளியின் உடல்நிலை இடங்கொடுத்தவுடன் பயிற்சியைத் தொடங்குதல் நன்று. ஆனால் ஆறு மாதம் கடந்துவிட்டால் இனிப் பயனில்லை என்ற பழைய நம்பிக்கை இப்போது நிலைக்கவில்லை. ஜெர்மனி நாட்டில் நடைபெற்று 2017-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஆறு மாதத்திற்கு மேலாக மொழியிழப்புடன் வாழ்ந்த 156 பேர் கலந்துகொண்டனர். வாரத்திற்குப் பத்து மணி நேரத்திற்குக் குறையாமல், மூன்று வாரமேனும் பயிற்சி பெற்றவர்கள் அன்றாட உரையாடலில் முன்னேற்றம் அடைந்தனர். பயிற்சிக்காகக் காத்திருந்த காலத்தில் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. 2016-இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு 57 சோதனைகளில் பங்கேற்ற 3,002 பேரின் விவரங்களை ஒப்பிட்டு, பேச்சுப் பயிற்சி பயன்தருகிறது என்ற முடிவுக்கு வந்தது. காலங்கடந்தாலும் பயிற்சி பயனற்றதன்று என்பதும், பயிற்சியின் அளவு முக்கியமானது என்பதும் இவற்றால் விளங்குகின்றன.

பேச்சு மொழிச் சிகிச்சையாளர் கையாளும் முறைகளுள் சிலவற்றை இங்கே கூறலாம். பெயர் மறந்தவருக்குப் பொருளின் இயல்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டி, பெயரை வரவழைப்பது ஒரு முறை. தேங்காயின் பெயர் வரவில்லையெனில், அது எங்கே காய்க்கிறது, எதனால் உடைக்கிறோம், எந்தக் குழம்பில் சேர்க்கிறோம், கோவிலில் அதற்கு என்ன பயன் என்று வினவிச் செல்வர். பெயரைச் சூழ்ந்துள்ள செய்திகள் எழுப்பப்படும்போது பெயரும் எழும் என்பதே இதன் அடிப்படை. பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஒலித்துக்காட்டுவதும் பலருக்கு உதவுகிறது.

பாடலுடன் தொடர்புடைய முறை ஒன்றை 1973-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பேச இயலாத சிலர் பாடுவதைக் கண்ட அவர்கள், அன்றாடத் தொடர்களை ஏற்ற இறக்கமான இசையில் அமைத்து, இடக்கையால் தாளமிட்டுக்கொண்டே கூறப் பயிற்றினர். பின்னர் இசையைப் படிப்படியாகக் குறைத்துப் பேச்சாக்கினர். திணறிப் பேசுவோராகவும், பிறர் கூறுவதை நன்கு உணர்வோராகவும் உள்ளவர்களுக்கே இம்முறை தகும். ‘காப்பி வேண்டும்’, ‘வெளியே போகலாம்’ போன்ற பயனுள்ள தொடர்களை இவ்வாறு பயிற்றலாம். மனப்பாடமான பாடலைத் திரும்பத் திரும்பப் பாடவைப்பது உள்ளத்திற்கு மகிழ்ச்சி தருமேயன்றி, அது மட்டுமே பேச்சை மீட்டுத் தராது.

இல்லத்தார் அறியவேண்டுவன

சிகிச்சையாளருடன் நோயாளி இருப்பது வாரத்தில் சில மணி நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் அவர் இல்லத்தில் இருக்கிறார். ஆதலால் உரையாடும் மற்றவரையும் பயிற்றுவிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. கனடாவின் டொராண்டோ நகரில் ஆரா கேகன் என்பவரின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 40 தொண்டர்கள் மொழியிழந்த 40 பேருடன் உரையாடினர். தொண்டர்களில் பாதிப்பேருக்கு மட்டும் உரையாடும் முறை கற்பிக்கப்பட்டது. நோயாளிகளுக்கு எவ்விதப் பயிற்சியும் அளிக்கவில்லை. ஆயினும் பயிற்சி பெற்ற தொண்டருடன் பேசிய நோயாளிகள் தம் கருத்தை முன்னிலும் நன்கு தெரிவித்தனர். கேட்பவர் மாறினால் பேசுபவரும் மாறுகிறார் என்பது இதன் பொருள்.

களப் பணியாளர் வீட்டாருக்குக் கூறவேண்டிய அறிவுரைகள் எளியவையே. வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, எதிரில் அமர்ந்து, சிறு வாக்கியங்களாகப் பேச வேண்டும். ஒரு வேளையில் ஒரு கேள்வியையே கேட்டு, விடைக்குப் பொறுமையுடன் காத்திருக்க வேண்டும். நோயாளி சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துக்கொடுப்பதும், விளங்காததை விளங்கியதாகப் பாவிப்பதும் கூடா. காகிதமும் பென்சிலும் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். முக்கியமான சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதிக்காட்டலாம், படம் வரையலாம், நாட்காட்டியைச் சுட்டலாம். வலக்கை தளர்ந்தவர் இடக்கையால் எழுதவும் சுட்டவும் முற்பட்டால், இடக்கை ஆகாது என்று தடுத்தல் வேண்டா.

‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டையும் உறுதிசெய்துகொள்வதில் நம் நாட்டில் தனிக் கவனம் தேவை. தென்னாட்டில் தலையைப் பக்கவாட்டில் அசைப்பது இசைவைக் குறிக்கலாம். ஏறக்குறைய அதே அசைவு மறுப்பையும் குறிக்கலாம். மொழியிழந்தவர்களிற் சிலர் ‘ஆம்’ என்று எண்ணி ‘இல்லை’ என்று கூறிவிடுவதும் உண்டு. ஆகவே ஓர் அட்டையில் சரிக்குறியும் மற்றோர் அட்டையில் தவறுக்குறியும் வரைந்து சுட்டச் செய்வது நலம். ஐயம் தோன்றினால் கேள்வியை மாற்றிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ‘சோறு வேண்டுமா?’ என்பதற்கு ‘ஆம்’ வந்தால், ‘அப்படியானால் இட்லி வேண்டாமா?’ என்றும் கேட்டு, இரண்டு விடைகளும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது போதும்.

குடும்பத்தாரின் படங்கள், ஊரின் கடைகள், செல்லும் பேருந்தின் எண், உண்ணும் உணவு, உடலில் வலிக்கும் இடங்கள் ஆகியவற்றை ஒட்டிய சிறு ஏடு ஒன்று நோயாளியின் கையில் இருத்தல் நன்று. கைப்பேசியில் எடுத்த நிழற்படங்களும் இதற்கு உதவும். படங்களின் கீழே எழுதும் பெயர் அவர் வாசித்துப் பழகிய எழுத்தில் இருக்க வேண்டும். கன்னடப் பள்ளியில் படித்த தமிழருக்குத் தமிழ்ச் சொல்லையே கன்னட எழுத்தில் எழுத வேண்டியிருக்கலாம்.

மரியாதையும் சிகிச்சையின் ஒரு பகுதியே. ‘நீங்கள்’ என்றும் ‘அவர்’ என்றும் நேற்றுவரை அழைக்கப்பட்ட பெரியவரை, பேச்சுப் போனதும் குழந்தையைப் போல ஒருமையில் அழைப்பதும், அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுவதும் பல இல்லங்களில் அறியாமல் நிகழ்பவை. அவருக்குச் சொல் வரவில்லையே தவிர, விகுதி மாறியது செவியில் விழுகிறது. நிலம் விற்பது, பெண் கொடுப்பது போன்ற செய்திகளில் அவர் கருத்தை முன்போலவே கேட்டறிதல் வேண்டும்.

ஆசிரியரும் களப் பணியாளரும் செய்யத்தக்கவை

ஒருவருக்குத் திடீரென வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மாறினாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நான்கரை மணி நேரத்திற்குள்ளேயே செலுத்த வேண்டும். ஆதலின் அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். அத்திபெலேயிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் அதே ஓசூர்ச் சாலையில்தான் தேசிய மனநல, நரம்பு விஞ்ஞான நிலையம் அமைந்துள்ளது. 1954-இல் நிறுவப்பட்ட அகில இந்திய மனநல நிலையமும் மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையும் 1974-இல் ஒன்றிணைந்து இந்நிலையம் உருவாயிற்று. நரம்பு நோய்ச் சிகிச்சையுடன் பேச்சுச் சிகிச்சையும் இங்கே உண்டு. மைசூரில் மத்திய அரசாங்கம் 1965-இல் நிறுவிய அகில இந்திய பேச்சு, கேள்வி நிலையம் இத்துறையில் நிபுணர்களைப் பயிற்றுவிப்பதோடு, நோயாளிகளுக்குச் சிகிச்சையும் அளித்துவருகிறது. உயிர் பிழைத்ததே போதும் என்று வீடு திரும்பிவிட்டவர்களைப் பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்புவது களப் பணியாளரின் கடமையாகும்.

சட்டத்தின் துணையும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அவற்றுள் பேச்சு, மொழிக் குறைபாடு ஒன்று. அதன் விளக்கத்தில் நிலையான மொழியிழப்பு பெயர் கூறியே சேர்க்கப்பட்டுள்ளது. இதனை அறியாதோர் கைகால் தளர்ச்சிக்கு மட்டும் சான்றிதழ் கேட்டுப் பெறுகின்றனர். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏனையோரைப் போலவே சட்டத் தகுதி உண்டு என்பதையும் அதே சட்டம் உறுதிசெய்கிறது. பேசமுடியாதவர் என்பதனாலேயே ஒருவருடைய வங்கிக் கணக்கையோ ஓய்வூதியத்தையோ அவரைக் கேளாமல் பிறர் கையாளுதல் முறையன்று. படிவத்தில் உள்ளதை அவர் அறிந்த மொழியில் சிறு சிறு பகுதியாக விளக்கி, சரிக்குறி, தவறுக்குறி அட்டைகளால் அவர் விருப்பத்தை அறிந்து, பின்னர் கைந்நாட்டுப் பெறலாம்.

ஆசிரியருக்கு இருவகைப் பொறுப்பு உண்டு. முதலாவது, நெடுஞ்சாலை ஊர்களில் விபத்துக்கள் நேர்வதுண்டு. தலைக்காயத்திற்குப் பின் பள்ளிக்குத் திரும்பும் மாணவன், உடல் நலமாகத் தோன்றினும் சொல்லைத் தேடித் தடுமாறலாம், வாசித்ததன் பொருளை உணராதிருக்கலாம். இதனைச் சோம்பல் என்று தண்டியாமல், பெற்றோரிடம் கூறி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்; தேர்வில் கூடுதல் நேரமும், எழுத்துக்குப் பதில் சுட்டிக்காட்டும் விடையும் அவனுக்கு உதவும். இரண்டாவது, மொழியிழந்த தாத்தாவோ பாட்டியோ உள்ள இல்லத்தில் பள்ளிப் பிள்ளைகளே பெரும்பாலும் அவர்களுடன் அமர்ந்திருக்கின்றனர். படஏடு தயாரிப்பதையும், பொறுமையுடன் கேட்பதையும் அப்பிள்ளைகளுக்கு ஆசிரியர் கற்பிக்கலாம். வீட்டிற் பேசும் தமிழும் பள்ளியிற் கற்ற கன்னடமும் அறிந்த அப்பிள்ளைகளே சிகிச்சையாளருக்கும் தாத்தாவுக்கும் இடையே பாலமாகவும் அமையக்கூடும். எனினும் இச்சுமை முழுவதும் பிள்ளையின் தலையில் விழுந்து படிப்பைக் கெடுக்காதவாறு ஆசிரியர் கண்காணித்தல் வேண்டும்.

செலவில்லாத ஒரு செயலைக் களப் பணியாளர் இன்றே தொடங்கலாம். பக்கவாதம் கண்ட ஒவ்வொருவரின் குறிப்பேட்டிலும் வயது, இரத்த அழுத்தம், மருந்து ஆகியவற்றோடு மொழிகளையும் எழுதிவைக்க வேண்டும். நோய்க்கு முன் எந்தெந்த மொழியை யாரிடம் பேசினார், எந்த எழுத்தை வாசித்தார், இப்போது எதில் சற்றேனும் விடை தருகிறார் என்ற மூன்று வரிகள் போதும். இவற்றை அறிந்துகொண்டால், மருத்துவமனையில் அவரைச் சந்திக்கும் சிகிச்சையாளர் முதல் நாளிலேயே சரியான மொழியில் முதல் கேள்வியைக் கேட்பார்.